முடி கொட்டுவதற்குச் சத்து மாத்திரை: யாருக்குப் பலன், யாருக்கு வீண்?

மெடிக்கல் ஷாப்பில் போய் "முடி ரொம்பக் கொட்டுதுண்ணா, ஏதாவது நல்ல மாத்திரை குடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை அட்டை. பத்து மில்லிகிராம், தினம் ஒன்று, மூன்று மாதம். எப்போதிலிருந்து கொட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை. ரத்தம் பார்த்தீர்களா என்றும் கேட்பதில்லை. ஆனால் முடிக்கான சத்து மாத்திரை விஷயத்தில் கேட்டே ஆக வேண்டியவை இந்த இரண்டும்தான். விடை தெரியாமல் வாங்கும் மாத்திரை அநேகமாக வீண்செலவு. சில மாத்திரைகள் அளவு மீறினால் முடியை இன்னும் கொட்ட வைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கள்

தலையில் சுமார் ஒரு லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை முடியை வளர்க்கும், இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும், பிறகு ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வில் கிடக்கும். ஓய்வு முடிந்ததும் பழைய முடி விழும், அதே இடத்தில் புதியது கிளம்பும். எந்த நேரத்திலும் பத்தில் ஒரு பங்கு முடி ஓய்வில் இருப்பதால் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. தலைக்குக் குளிக்கிற நாளில் இன்னும் கூடுதலாகத் தெரியும்.

டெங்கு, டைபாய்டு, கொரோனா மாதிரி உடம்பை உலுக்கிய காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை, குறுகிய காலத்தில் எடையை மளமளவென்று குறைத்த டயட் என்று ஏதாவது நடந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும்பங்கு சேர்ந்தாற்போல் ஓய்வுக்குப் போய்விடுகிறது. அன்றைக்கு எதுவும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்து அவை மொத்தமாக விழும்போதுதான் சீப்பும் தலையணையும் பயமுறுத்தும். நவம்பரில் டெங்கு வந்து தேறியவருக்கு ஜனவரி கடைசியில் கொத்துக் கொத்தாகக் கொட்டும். அவர் அப்போது காய்ச்சலை மறந்திருப்பார். புது வீட்டு உப்புத் தண்ணீரையும் போன வாரம் மாற்றிய ஷாம்புவையும்தான் குறை சொல்வார். உப்புத் தண்ணீர் முடியை வறட்டும், பாதியில் உடைய வைக்கும். வேரோடு இத்தனை முடி விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு.

விழுந்த முடி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகக் குட்டிக் குமிழ் ஒன்று இருக்கும். "வேரே வந்துடுச்சு, இனி அந்த இடத்துல முளைக்காது" என்று அதைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. அந்தக் குமிழ் ஓய்வு முடிந்த முடியின் அடையாளம், அவ்வளவுதான். மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. குமிழே இல்லாமல் துண்டு துண்டாக உடைந்த முடிதான் மிகுதி என்றால் கோளாறு முடித்தண்டில்: சூடு, சாயம், ஸ்ட்ரெய்ட்டனிங், இறுக்கிப் போட்ட கொண்டை. உடைந்த முடியை எந்த மாத்திரையும் ஒட்ட வைக்காது.

காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ பின்னால் வரும் இந்தக் கொட்டல், காரணம் விலகிவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கும். பிரசவத்துக்குப் பின் கொட்டிய முடி குழந்தையின் முதல் பிறந்தநாளை ஒட்டிப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சத்து மாத்திரைகளின் பெயர் பெருகியது இந்த இடத்தில்தான். உச்சத்தில் கொட்டும்போது பயந்துபோய் ஒருவர் ஏதோ ஒரு மாத்திரையைத் தொடங்குகிறார். மூன்று மாதத்தில் கொட்டல் நிற்கிறது, நெற்றியோரம் பூனைமுடி முளைக்கிறது. மாத்திரை இல்லாமலும் அது நடந்திருக்கும். ஆனால் அவர் மனசாரச் சொல்கிறார், "எனக்குக் கேட்டுச்சு, நீயும் வாங்கிச் சாப்பிடு." பொய் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். மாத்திரை சாப்பிட்டவர்களையும் அதே போலத் தோன்றும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் பலனை நிர்ணயிக்க முடியாது என்று மருத்துவ ஆய்வு வற்புறுத்துவது இந்தக் காரணத்தால்தான்.

பயோட்டின்: பயன் சிலருக்கு, தொல்லை பலருக்கு

பயோட்டின் என்பது வைட்டமின் பி7. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும் என்பது அமெரிக்க ஊட்டச்சத்து வாரியத்தின் கணக்கு. வேகவைத்த முட்டை, வேர்க்கடலை, பருப்பு என்று நம் சாப்பாட்டில் அது தாராளமாக இருக்கிறது. கடையில் விற்கும் மாத்திரையில் இருப்பது 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம். தேவையைப்போல் 300 மடங்குக்கும் மேல்.

பயோட்டின் குறைவு வருவது அபூர்வம். பிறவியிலேயே பயோட்டினிடேஸ் என்ற நொதி குறைந்த குழந்தைகள், வலிப்புக்கான சில மருந்துகளை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள், பச்சை முட்டையை வழக்கமாகக் குடிப்பவர்கள் ஆகியோருக்கு வரலாம். பச்சை முட்டை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வேகவைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. 2017-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, பயோட்டினால் முடியோ நகமோ தேறியதாக அதுவரை பதிவான நோயாளிகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தது. கிடைத்தது வெறும் 18 பேர். அந்தப் பதினெட்டுப் பேருக்குமே அடியில் வேறொரு கோளாறு இருந்தது. உடம்பில் வேறு குறை இல்லாத ஒருவருக்கு இதனால் முடி அடர்ந்தது என்று காட்ட நல்ல ஆதாரம் இல்லை.

"தண்ணில கரையற வைட்டமின்தானே, மிச்சம் சிறுநீர்ல போயிடும்" என்பார்கள். உடம்புக்கு நேரடிக் கேடு குறைவு என்பது சரி. ஆனால் லேப் முடிவுகளை இது குழப்பிவிடும். ஹார்மோன்களை அளக்கும் பல லேப் கருவிகள் பயோட்டினையே பசைபோலப் பயன்படுத்தி வேலை செய்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதமிஞ்சி இருந்தால் கணக்கு புரண்டுவிடும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். உண்மையைவிடக் குறைவாகவும், தைராய்டு சுரக்கும் டி3, டி4 உண்மையைவிட அதிகமாகவும் காட்டும். அதாவது தைராய்டு நன்றாக இருப்பவருக்குத் தைராய்டு மிகைச் சுரப்பு இருப்பது போன்ற ரிப்போர்ட் வரும். தைராய்டு குறைந்தவருக்கு எல்லாம் சரி என்று வரும்.

முடி கொட்டினால் முதலில் எழுதிக்கொடுக்கப்படும் பரிசோதனைகளில் தைராய்டு ஒன்று. தைராய்டு குறைவே முடி கொட்டுவதற்கு ஒரு காரணம். அந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்தான் பயோட்டினும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். உண்மைக் காரணத்தை மாத்திரையே மறைத்துவிட்டால் என்ன ஆவது? மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையும் இதே வகையில் ஏமாறலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2017 நவம்பரில் எச்சரிக்கை வெளியிட்டபோது, அதிக அளவு பயோட்டின் எடுத்த ஒருவருக்கு ட்ரோபோனின் தவறாகக் குறைவாகக் காட்டியதையும் அவர் இறந்துபோனதையும் குறிப்பிட்டது. ஆகவே ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். நிறுத்தவில்லை என்றால் லேபிலும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். "முடி, சருமம், நகம்" என்று அட்டையில் போட்ட கலவை மாத்திரைகளிலும், மென்று தின்னும் மிட்டாய் போன்ற கம்மிகளிலும் பெரும்பாலும் பயோட்டின் இருக்கும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரும்பு: நம் வீடுகளில் உண்மையாகவே குறைவது

பயோட்டின் பற்றி இவ்வளவு பேச்சு நடக்கும் நாட்டில் நிஜமாகக் குறைந்து கிடப்பது இரும்புச்சத்து. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரையான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதத்துக்கு மேல். ஹீமோகுளோபின் குறைந்தவர்கள் மட்டும்தான் இந்தக் கணக்கில். அது சரியாக இருந்தும் உள்ளிருப்பு காலியாக இருப்பவர்கள் இதற்கு வெளியே இருக்கிறார்கள்.

வீட்டில் அரிசிப் பானை காலியாகிக்கொண்டே வந்தாலும் கடைசிப் படி தீரும்வரை சோறு பொங்கிவிடலாம். ரத்தத்திலும் நடப்பது அதுதான். சேமிப்பில் உள்ள இரும்பு முதலில் தீரும், ஹீமோகுளோபின் அதற்குப் பிறகுதான் இறங்கும். அந்தச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. 15 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் உலகச் சுகாதார நிறுவன அளவின்படியே இரும்புக் குறைவு. முடி கொட்டுகிறவர்களுக்கு 40-க்கு மேல் இருப்பது நல்லது என்று பல தோல் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். அந்த எல்லைக்கோடு பற்றி மருத்துவர்களிடையே முழு உடன்பாடு இல்லை. காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால், உடம்பு தேறிய பிறகு பார்ப்பதுதான் சரி.

குறைவு உறுதியானால் அதற்கு மாத்திரை வேண்டும். முருங்கைக்கீரையும் கறிவேப்பிலையும் நல்ல உணவு, தினமும் சேர்க்கலாம். ஆனால் கீரையில் இருக்கும் இரும்பில் சிறு பங்குதான் உடம்பில் சேரும். ஃபெரிட்டின் எட்டு, ஒன்பதில் கிடப்பவரைக் கீரையை மட்டும் நம்பச் சொல்வது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது.

மாத்திரை அட்டையில் இரண்டு எண்கள் கண்ணில் படலாம். ஒன்று உப்பின் எடை, மற்றொன்று அதில் உள்ள தனி இரும்பின் எடை. 200 மி.கி. ஃபெரஸ் ஃப்யூமரேட் என்றால் அதில் இரும்பு சுமார் 65 மி.கி.தான். ஒப்பிட வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. விலை கூடிய அட்டையில் இருப்பதும் அடிப்படையில் இதே சத்துதான். இலவசம் என்பதற்காகவே அதைக் குப்பையில் போடும் வீடுகளை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

டிகிரி காபியோ டீயோ குடித்த கையோடு இரும்பு மாத்திரை போட்டால் உறிஞ்சப்படுவது வெகுவாகக் குறையும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா கூட இருந்தால் நன்றாகச் சேரும். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு ஒதுக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இரும்புக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடாவிட்டால் தைராய்டு மாத்திரையே சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன், அடுத்த வேளையை உறிஞ்ச விடாமல் கொஞ்ச நேரம் தடுக்கிறது. அதனால் வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. உங்கள் அளவை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையின் நிறம்தான், பயப்பட வேண்டாம்.

இரும்பு ஏன் குறைந்தது என்ற கேள்வியை விட்டுவிடக் கூடாது. மாதவிடாயில் அதிகப் போக்கு, கர்ப்பப்பைக் கட்டி, மூலம், கொக்கிப்புழு என்று காரணம் எங்கோ இருக்கும். ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்பு குறைந்தால் குடலில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மாத்திரையால் எண் ஏறிவிட்டதென்று அதோடு விட்டால் பெரிய நோய் ஒன்று கண்ணுக்குத் தப்பலாம். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறையின் பண்பு உள்ளவர்களுக்கும் சிவப்பணுக்கள் சிறிதாக இருக்கும், ஆனால் இரும்பு குறைந்திருக்காது. பரிசோதிக்காமல் அவர்களுக்கு இரும்பு கொடுத்துக்கொண்டே போவது தவறு. இன்னொன்று, சர்க்கரைப் பூச்சுள்ள இந்த மாத்திரைகள் குழந்தைகள் கண்ணுக்கு மிட்டாய். சிறு பிள்ளை நாலைந்தை விழுங்கினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். உயரத்தில் வையுங்கள்.

மற்றவை

வைட்டமின் டி நம்மில் நிறையப் பேருக்குக் குறைவு. அதைச் சரிசெய்வது எலும்புக்கு நல்லது, முடிக்குப் பலன் உறுதி இல்லை. 60,000 யூனிட் மருந்தை வாரம் ஒன்று என்று எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்ததை, பிறகு தாங்களாகவே ஆண்டுக்கணக்கில் தொடர்கிறவர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைப் பிடிக்கும். சைவச் சாப்பாட்டுக்காரர்களும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வெகுநாள் எடுப்பவர்களும் பி12 பார்ப்பது நல்லது. துத்தநாகம் குறைந்தால் முடி கொட்டும் என்பது உண்மை. நாளுக்கு 40 மி.கி.க்கு மேல் நெடுநாள் போனால் அது செம்புச் சத்தைக் கீழே தள்ளி, ரத்தசோகையையும் நரம்புக் கோளாறையும் கொண்டுவரும் என்பதும் உண்மை. கொலாஜன் பொடி வயிற்றில் மற்றப் புரதம் போலவே அமினோ அமிலமாகச் செரிக்கப்படுகிறது. அந்த விலைக்கு எத்தனை முட்டை வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

புரதத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். முடியே கெரட்டின் என்ற புரதம். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். பரிந்துரை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 46 கிராம். காலை இட்லி சட்னி, மதியம் ரசம் சாதமும் பொரியலும், ராத்திரி தோசை என்று போகும் நாளில் அது எட்டாது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7, ஐம்பது கிராம் பருப்பில் 11. சுண்டலும் மீனும் தயிரும் சேர்ந்தால் எட்டிவிடும். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிச்சக் குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிடும் அம்மாவுக்குத்தான் இது அதிகம் குறைகிறது. மகளுக்குப் பயோட்டின் வாங்கும் வீட்டில் அம்மாவின் தட்டையும் ஒருமுறை பாருங்கள்.

அதிகமானாலும் கொட்டும்

வைட்டமின் ஏ அளவு மீறினால் முடி கொட்டும். மீன் எண்ணெய் மாத்திரைகளில் மீன் ஈரல் எண்ணெய் வகையில் இந்த வைட்டமின் உண்டு. அதோடு மல்ட்டிவைட்டமினும் முடி மாத்திரையும் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 10,000 யூனிட் என்ற உச்ச வரம்பைத் தாண்டிவிடலாம். கர்ப்பத்தில் அது சிசுவின் உருவாக்கத்தையே கெடுக்கும். கேரட், பப்பாளி சாப்பிட்டு இந்த ஆபத்து வராது.

உடம்புக்கு மிகச் சிறிய அளவில் மட்டும் தேவைப்படும் தாதுச்சத்தான செலினியத்தின் கதை இன்னும் தீவிரம். 2008-ல் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்து டானிக்கில், லேபிளில் போட்டதைப்போல் 200 மடங்கு செலினியம் தவறுதலாகக் கலந்துவிட்டது. பத்து மாநிலங்களில் 201 பேர் பாதிக்கப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு முடி கொட்டியது. ஆரோக்கியத்துக்காக வாங்கிக் குடித்தவர்கள் அவர்கள். இங்கே மகாராஷ்டிரத்தின் புல்தானா மாவட்டத்தில், 2024 டிசம்பர் கடைசியிலிருந்து ஷேகாவ் பகுதிக் கிராமங்களில் சிறுவர் முதல் பெரியவர் வரை ஏராளமானோருக்குச் சில நாட்களிலேயே முடி கொட்டித் தலை வழுக்கையானது. ஐ.சி.எம்.ஆர். குழு போய்ப் பார்த்தது. அவர்களுடைய ரத்தத்திலும் முடியிலும் செலினியம் மிக அதிகம் என்று மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் அறிவித்து, ரேஷன் கோதுமையைச் சுட்டினார். கோதுமைதான் காரணமா என்பதில் சர்ச்சை எழுந்தது. முடி மாத்திரை அட்டைகளின் பின்புறத்தில் செலினியமும் ஒரு வரியாக இருக்கும். இரண்டு மூன்று அட்டைகளைச் சேர்த்துச் சாப்பிடும்போது அந்த வரியும் கூடிக்கொண்டே போகும்.

அட்டையைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் இங்கேதான் உதவும். உணவுத் துணைப்பொருளாக விற்பதில், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண்ணும், மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று என்ற வாசகமும் இருக்க வேண்டும். மருந்து அன்று என்று பின்னால் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, முன்னால் நீளக் கூந்தல் படம் போட்டு விற்கிறார்கள். ஒவ்வொரு சத்துக்கும் எதிரே அளவும், தினத் தேவையில் எத்தனை சதவீதம் என்பதும் இருந்தால் பரவாயில்லை. "சிறப்பு மூலிகைக் கலவை" என்று மொத்தமாக ஒரே எடை போட்டிருந்தால் வாங்காதீர்கள்.

சத்து எட்டாத இடங்கள்

ஆண்களுக்கு நெற்றியோரம் ஏறிக்கொண்டே போவதும் உச்சியில் சொட்டை விழுவதும், பெண்களுக்கு வகிடு அகன்றுகொண்டே வருவதும் பெரும்பாலும் பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்து செய்வது. மயிர்க்கால் சிறுத்துக்கொண்டே போய் முடி மெலிகிறது. எந்த வைட்டமினும் அதை நிறுத்தாது. தலையில் தடவும் மினாக்ஸிடிலுக்கு 1988-லும், ஆண்களுக்கான ஃபினாஸ்டரைடு மாத்திரைக்கு 1997-லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரண்டையும் தோல் மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆரம்பத்திலேயே போனால் பலன் அதிகம். சத்து மாத்திரையில் இரண்டு வருடத்தைக் கழித்துவிட்டுப் போகிறவர் அந்த இரண்டு வருட முடியை இழந்திருப்பார். காசு இழப்பைவிட எனக்கு வருத்தம் தருவது இது.

வட்டமாக வழவழவென்று முடி போகும் பூச்சிவெட்டு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குவதால் வருவது. வெங்காயம் தேய்த்துக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். மாதவிடாய் தவறி, முகத்தில் முடியும் பருவும் வந்து, தலையில் முடி குறைந்தால் பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலைத்தோலில் சீழ், தழும்பு, வலி இருந்தால் நாள் கடத்தவே கூடாது. தழும்பு விழுந்த இடத்தில் மயிர்க்கால் திரும்ப வராது.

சரி, பரிசோதனையில் ஒரு சத்து குறைந்திருக்கிறது, மாத்திரை தொடங்கியாயிற்று. எப்போது பலன் தெரியும்? முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். கொட்டுவது குறைய மூன்று மாதம், அடர்த்தி கண்ணுக்குத் தெரிய ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். தினமும் சீப்பில் வந்ததை எண்ணிக் கலங்குவதைவிட, மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் வகிட்டைப் படம் எடுத்து வையுங்கள். இரும்பு மாத்திரை எடுப்பவர்கள் மூன்றாம் மாதம் ஃபெரிட்டினைத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் மாத்திரை உடம்பில் சேரவில்லை, அல்லது ரத்தம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. சேமிப்பு நிரம்பிவிட்டால் டாக்டரிடம் கேட்டு நிறுத்திவிடலாம்.